மூன்றாவது இருக்கை

படகின் வழிகாட்டி லோவ்ரே கடலோடு போய் ஏழு மாதமாகிறது. சிவப்புத் தலைக்கவசமும் அவனோடேயே போய்விட்டது. படகில் மூன்று பேர் இல்லாமல் விசைப்படகுப் பந்தயத்தில் ஓட முடியாது என்பது விதி. பதிவுத்தாளில் படகை ஓட்டும் துன்யா, லோவ்ரேயின் பெயரோடு மூன்று பெயரையும் எழுதினாள். வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். எழுதியதை அடித்துப் பழக்கமில்லை. இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் ரொட்டிக்கடை ஃப்ரானே அதைப் பார்த்துவிட்டு இன்ஜின் மூடியைப் பூட்டினான். கிளம்பும் அவசரத்தில் காலி இருக்கையை யாரும் கவனிக்கவில்லை.

ஸ்ப்ளிட் துறைமுகத்திலிருந்து விஸ் தீவு வரை நான்கு மிதவைகள். ஒவ்வொன்றிலும் காவல்படகு தலைக்கவசங்களை எண்ணி வானொலியில் சொல்லும். நான்கிலும் மூன்று என்றே சொன்னார்கள். ஒன்று சிவப்பு என்றார்கள்.

விஸ் துறையில் நடுவர் ஷிமே தாளோடு நின்றார். துன்யா இறங்கினாள். ஃப்ரானே இறங்கினான்.

"ரெண்டு பேர்தானே இருக்கீங்க. மூணாவது ஆள் எங்கம்மா?"

"உங்க ஆளுங்கதான் நாலு இடத்துல எண்ணியிருக்காங்களே."

"என்கிட்ட விளையாடாத, துன்யா. லோவ்ரேவுக்கு மெழுகுவத்தி ஏத்தினவன் நான். பேரை அடிச்சிடறேன்."

"பேனாவை மூடுங்க. அவன் வழிகாட்டித் திரையை அணைச்சிட்டுக் கடைசியாத்தான் இறங்குவான். உங்களுக்குத் தெரியாததா?"

ஷிமே பேனாவை மூடவில்லை.

படகுக்குள் வழிகாட்டித் திரை அணைந்தது. படகு துறைப்பக்கமாக ஒருமுறை சாய்ந்தது; பிறகு ஓர் ஆளின் கனம் குறைந்து மெல்ல உயர்ந்து நின்றது.

"இப்ப எண்ணுங்க" என்றாள் துன்யா.