கோழிக்குக் கேட்ட சோளம்

“அந்தக் குவியலை மட்டும் கேட்காத, கவாத்தா. அதைக் குழியில போட்டு மூடப்போறேன்” என்றாள் மும்புவா.

முற்றத்தில் விரித்த தார்ப்பாயில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. அறுவடை நேரத்தில் கொட்டிய மழை மகுவேனி மலைச்சரிவில் யாரையும் விட்டுவைக்கவில்லை. மேகம் கூடியதுமே மும்புவா கதிர்களை ஒடித்து வீட்டுக்குள் சேர்த்துவிட்டாள். அப்படியும் கொஞ்சம் நனைந்துபோயிற்று. பூசணம் பூத்த மணிகளைப் பொறுக்கி ஓரமாகக் குவித்திருந்தாள். பக்கத்துக் காட்டுக்காரி கவாத்தா காலிச் சாக்கோடு வந்து கேட்டது அதைத்தான்.

“நமக்கா கேட்கிறேன்? கோழிக்குத்தானே, அக்கா. அது எதைத்தான் தின்னாது?”

“கோழிக்கும் ஆகாது. ஈரலைக் கெடுத்துடும். கழுவினாலும் போகாது, வேகவெச்சாலும் போகாது அந்த விஷம்.”

மொம்பாசாவில் லாரி ஓட்டும் அவள் கணவன் முசெம்பி அன்று காலைதான் விடுமுறையில் வீடு வந்திருந்தான். வாசலில் டீ குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு மனைவியை நினைத்துக் கூச்சமாக இருந்தது. மண்ணில் புதைக்கப்போகிறதைக்கூடக் கொடுக்க மனசு வராதா? கொடுத்துவிடு என்று ஜாடை காட்டினான். அவள் பார்க்காதவள்போல் இருந்தாள்.

“இப்ப எத்தனை இருக்கு?” என்று கேட்டாள்.

கவாத்தா தயங்கினாள். “நாலு. ஒண்ணு இன்னும் குஞ்சு. அதுதான் நேத்துலேருந்து கத்திக்கிட்டே கெடக்கு.”

மும்புவா தார்ப்பாயிலிருந்து ஒரு பிடி சோளத்தை அள்ளி, உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் போட்டு, உப்பும் சேர்த்துக் குலுக்கினாள். உப்பு கண்ணாடியில் ஒட்டவில்லை. ஈரம் போய்விட்டது. கவாத்தாவின் கையிலிருந்த சாக்கை வாங்கி, அந்த நல்ல சோளத்தையே அள்ளி அள்ளிப் போட்டாள். உதிர்க்கவும் பொறுக்கவும் நாளையிலிருந்து தனக்கு ஆள் வேண்டும் என்றும், இது அதற்கு முன்கூலி என்றும் சொன்னாள்.

“கோழிக்கு இவ்வளவு நல்ல சோளமா, அக்கா?” கவாத்தாவின் குரல் இறங்கியிருந்தது.

“நல்லதைத் தின்னாத்தானே வளரும். குஞ்சுக்கு மட்டும் நல்லா அரைச்சுக் கொடு.”

சாக்கை முதுகில் ஏற்றி, அதைத் தாங்கும் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு கவாத்தா சரிவில் இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதுவரை அடக்கி வைத்திருந்ததை முசெம்பி கேட்டுவிட்டான். வேண்டாத சோளத்தைக் கேட்டவளுக்கு அதை இல்லை என்றுவிட்டு, வீட்டுக்கு வைத்த சோளத்தைத் தூக்கிக் கொடுப்பது என்ன நியாயம்? அடுத்த மழை வரைக்கும் நமக்கே காணுமா என்பது சந்தேகம். அவன் ஊர் ஊராய்ச் சுற்றுவது பக்கத்து வீட்டுக் கோழியைக் கொழுக்க வைக்கவா?

மும்புவா கொல்லைக்குப் போய்க் குழி வெட்டினாள். பூசணச் சோளத்தை ஒரு மணி விடாமல் கொட்டி, மண்ணைத் தள்ளி, காலால் அழுத்தி மிதித்தாள். வீட்டு நாய் மோந்து பார்க்க வந்ததையும் விரட்டினாள். கீழ்ச்சரிவில் முன்பொரு வருஷம் இதே மாதிரிச் சோளத்தைச் சமைத்துச் சாப்பிட்ட வீட்டில், கண் மஞ்சளாகி ஒவ்வொருவராகச் செத்துப்போனது முசெம்பிக்கும் தெரியும். ஆனால் அது மனுஷர் தின்ற கதை.

கோபம் ஆறாமல், கிண்டலாகவே சொன்னான்: “சரி, காலையில போய் ரெண்டு முட்டையாவது வாங்கிட்டு வரேன். நம்ம சோளத்தைத் தின்ன கோழிதானே.”

மும்புவா மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

“முட்டை கேட்டு அந்த வீட்டுப் பக்கம் போயிடாதீங்க. கோழியையெல்லாம் போன வறட்சியிலயே வித்துட்டா. இப்ப அங்க இருக்கிறது அவ பெத்த நாலு பிள்ளைங்க மட்டும்தான்.”