படிக்கட்டில் ஜிகினா

"இது வீடா, சர்க்கஸ் கூடாரமா?"

வாசலில் பெட்டியை இறக்கி வைத்த கையோடு அக்கா கேட்ட முதல் கேள்வி அதுதான். சௌக்கியமா என்பதெல்லாம் அப்புறம்.

கேட்காமல் எப்படி இருப்பாள்? மாடிப்படி ஒவ்வொன்றின் விளிம்பிலும் பளபளவென்று ஜிகினா நாடா. கைப்பிடி நெடுக சீரியல் லைட், அதுவும் பட்டப்பகலில். கண்ணாடிக் கதவின் நடுவில் முறம் அகலத்துக்கு ஒரு காகிதப்பூ. சாப்பாட்டு மேசையில் மஞ்சள் விரிப்பு, அதன்மேல் ரத்தச் சிவப்பில் தட்டும் கிண்ணமும்.

"எல்லாம் உன் பெண்டாட்டி வேலையா?" என்றாள் தம்பியிடம்.

"லீவுக்கு அலங்காரம் பண்றேன்னு ஒரு வாரமா ஏணியை விட்டு இறங்கலைக்கா."

அக்கா போகாத ஊர் இல்லை. போன இடத்தில் மற்றவர்கள் மலையைப் பார்ப்பார்கள், கடலைப் பார்ப்பார்கள். இவள் பீங்கான் கடையைப் பார்ப்பாள். தம்பி அவளுக்கு வைத்த பெயர் 'ஷோகேஸ்'. கேலிதான், ஆனால் அவள் சாப்பாட்டு மேசையை அடுக்கினால் அடுக்கினதுதான். சாப்பிட உட்காருகிறவர்களுக்கு அதைக் கலைக்க மனசே வராது.

இந்தத் தடவையும் சும்மா வரவில்லை. எட்டு மணி நேர ரயில் பயணத்தில் புருஷனைக்கூடத் தொட விடாமல் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த அட்டைப் பெட்டியைப் பிரித்தாள். வெள்ளை விரிப்பு, வெள்ளைத் தட்டு, வெள்ளைக் கிண்ணம். நிலா வெளிச்சம் மாதிரி இருந்தது.

தம்பி மனைவி ஒரு கிண்ணத்தை எடுத்துத் தடவிப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு அண்ணி. அடுத்த தடவை போடலாமே."

"ஏன், இந்தத் தடவைக்கு என்ன கேடு?"

"மேசையெல்லாம் அடுக்கியாச்சே, அண்ணி."

அக்காவுக்குச் சுருக்கென்றது. சோபாவில் இருந்த அம்மா, "அவளுக்குக் கலர்னா உசுருடி, விடு" என்றாள்.

லீவுக்கு எல்லாரும் கூடினால் அம்மாவின் காலிஃபிளவர் சூப் உண்டு. பால் மாதிரி வெள்ளை. அதை அம்மாதான் பரிமாறுவாள், வேறு யாரும் கரண்டியைத் தொட முடியாது. போன வருஷம் அந்தக் கரண்டி கிண்ணத்தைத் தாண்டிப் போய் மாப்பிள்ளை மடியில் ஊற்றிவிட்டது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பரிமாற ஆள் வச்சுக்கலாம்மா. நீ உட்காரு" என்று அன்றே சொல்லிவிட்டான் தம்பி. அம்மா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

சாயங்காலம் தம்பி மனைவி குளிக்கப் போனாள். அக்கா சும்மா இருப்பாளா? அவள் திரும்பி வருவதற்குள் மஞ்சளும் சிவப்பும் அலமாரிக்குள் போய், மேசை முழுக்க வெள்ளையாகிவிட்டது. தம்பிகூட வாயைப் பிளந்தான்.

அம்மா சூப் பாத்திரத்தோடு வந்தாள். மேசை ஓரத்தைத் தடவி அதை வைத்தாள். கரண்டியில் மொண்டாள்.

"எல்லாரும் உட்காந்தாச்சா?"

"ஆச்சும்மா."

கரண்டி அந்தரத்திலேயே நின்றது. "ஸ்பூன் வச்சாச்சா?"

"எல்லாம் வச்சாச்சு, ஊத்தும்மா." தம்பியின் கண் கரண்டி மேலேயே இருந்தது.

அப்போதுதான் ஈரத் தலையோடு தம்பி மனைவி வந்தாள். மேசையைப் பார்த்தாள். விறுவிறுவென்று நடந்து வந்து, மாதுளை ஜூஸ் ஜாடியைப் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். வெள்ளை விரிப்பெல்லாம் சிவப்பு.

"அடடா, கை பட்டுடுச்சு அண்ணி."

முகத்தில் வருத்தம் மருந்துக்கும் இல்லை. ஐந்தே நிமிஷத்தில் மஞ்சள் விரிப்பும் சிவப்புக் கிண்ணமும் பழையபடி மேசைக்கு வந்துவிட்டன.

அம்மா ஐந்து கிண்ணத்திலும் ஊற்றினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"பரவாயில்லையே, கை கெட்டியாத்தான் இருக்கு" என்றான் தம்பி. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவுக்குத்தான் சூப் தொண்டையில் இறங்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அம்மாவை அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"உன் மருமக வேணும்னேதான் கொட்டினா. என் கண்ணால பார்த்தேன். எல்லாம் என் வெள்ளை செட்டு மேல பொறாமை."

"வெள்ளை செட்டா? அதுவா மேசையில இருந்துச்சு?"

அக்கா அம்மாவையே பார்த்தாள். அம்மா எழுந்து கதவைச் சாத்தினாள்.

"யார்கிட்டேயும் சொல்லிடாதேடி. ஒரு வருஷமா கண்ணு மங்கிட்டே வருது. வெள்ளை மேல வெள்ளை இருந்தா எனக்கு ஒண்ணுமே தெரியலை. டாக்டர் சொட்டு மருந்து குடுத்திருக்கார். இதுக்கு மேல மோசமாகாமப் பார்த்துக்கலாமாம்."

"அவளுக்குத் தெரியுமா?"

"மருமகளுக்கா? நான் மூச்சு விடலையே. தெரிஞ்சா என் கரண்டி போயிடும்." அம்மா குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். "அவளுக்கு ரசனைதான் பத்தாது, பாவம். ஆனா இந்த வருஷம் என்னவோ, படி, கதவு, தட்டு எல்லாமே எனக்குப் பளிச்சுனு தெரியுதுடி."

அக்கா வெளியே வந்தாள். படிக்கட்டில் ஜிகினா மின்னிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுக்களையில் தம்பி மனைவி கறை படிந்த விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். "மன்னிச்சுடுங்க அண்ணி, எப்படியும் கறையை எடுத்துடறேன்" என்றாள் நிமிராமல்.

"அது கிடக்கட்டும். அந்தச் சிவப்புக் கிண்ணம் எந்தக் கடையில வாங்கினே?"

"எதுக்கு அண்ணி?"

"எங்க வீட்டுக்கும் ஒரு செட் வேணும். ஜிகினா நாடாவும் ஒரு கட்டு. அடுத்த மாசம் அம்மா எங்கூட வந்து இருக்கப் போறாங்க."