ஐந்து பேர் பாரம்

கார், ரோட்டின் குறுக்கே போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் இரண்டு முழம் போய்த்தான் நின்றது. அதுவும் நேராக நிற்கவில்லை; மூக்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டது.

பாரத்துக்காக ஏற்றியிருந்த ஐந்து பெண்களில் ஒருத்தியும் சத்தம் போடவில்லை.

தேயிலை ஃபெக்டரியின் ஃபிட்டர் பொன்னையா இறங்கிக் குனிந்து பார்த்தான். ரோட்டில் தூவியிருந்த சுண்ணாம்பில் இடது முன்சக்கரம் ஆழமாக இழுபட்டிருந்தது. வலது முன்சக்கரம் வேலைக்கள்ளன் மாதிரி சும்மா உருண்டிருந்தது.

இருபத்தாறாம் வருடத்து வண்டி. நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வைத்து வந்த ஆரம்பகால வண்டிகளில் ஒன்று. முன்சக்கரத்தில் பிரேக் பிடித்தால் வண்டி குட்டிக்கரணம் போடும் என்று எந்தப் புண்ணியவானோ அதன் பிரேக் கம்பிகளைக் கழற்றி வீசிவிட்டான். கால் நூற்றாண்டாக அது பின்சக்கரங்களை மட்டும் நம்பி மலை இறங்கியது. பொன்னையாதான் புதுக் கம்பி இழுத்து, ஃபெக்டரியின் பழைய பெல்ட்டை வெட்டிப் பிரேக்குக்குள் பதித்து, மூன்று மாதமாக அதனோடு மல்லுக்கட்டுகிறான்.

காரணம் இருந்தது. சித்திரையில், நோயில் விழுந்த தோட்டத் தொழிலாளி அழகுமுத்துவின் பெண்சாதியைக் கம்பளியில் கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ஆறாவது மைலில் அவளுக்கு மூச்சு நின்றுவிட்டது.

அதன் பிறகுதான் தோட்டத்துத் துரை தன் பழைய காரான இதைத் தோட்டத்து நோயாளிகளுக்குத் தருவதாகச் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை: ஐந்து பேர் பாரத்தோடு, கோட்டுக்கு முன்னால், அடுத்தடுத்து மூன்று தடவை நேராக நிற்க வேண்டும். அதுவரை ஒரு நோயாளியையும் ஏற்றக்கூடாது. இன்று நிற்காவிட்டால் நாளை கார் பழைய இரும்புக்குப் போய்விடும்.

பாரத்துக்கு ஆண்பிள்ளை ஒருவனும் வரவில்லை. ஆளுக்கொரு சாக்கு. மேல் லயத்து வீடுகளிலிருந்து காளியாயிதான் நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். அந்தத் துணிச்சல் பொன்னையாவுக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிடிக்காதது ஒன்றுதான். காரைத் திரும்ப மேலே கொண்டுபோகும்போது மற்றவர்கள் இறங்கி நடந்தார்கள். பின் இருக்கையின் நடுவில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த அம்மாக்கண்ணு மட்டும் அசையவில்லை. சவாரி ருசி கண்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். சொன்னால் கோபித்துக்கொண்டு ஐந்து பேரும் போய்விடுவார்களே என்று வாயை மூடிக்கொண்டான்.

இடது முன்சக்கரத்துப் பிரேக் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினான். வலதை அரைச் சுற்று முறுக்கினான்.

மறுபடி இறக்கம். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது, நேராக.

இரண்டாவது தடவையும் நின்றது.

மூன்றாவதுக்குக் கிளம்பும்போது மழை தூற ஆரம்பித்தது. பொன்னையா தள்ளிப்போடவில்லை. மழையில் நிற்காத பிரேக் இந்த மலையில் யாருக்கு வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். நான்கு சக்கரமும் ஒன்றாக இழுபட, கார் நின்றது.

துரை குடையோடு வந்து நான்கு தடங்களையும் பார்த்தார். இனி ஆஸ்பத்திரிக்கு ஓட்டலாம் என்று சொல்லிவிட்டு பங்களாவுக்கு நடந்தார்.

பொன்னையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எறங்குங்க தாயி, ஜெயிச்சிட்டோம்" என்றான்.

ஒருவரும் இறங்கவில்லை. முன் இருக்கையிலிருந்த காளியாயி கதவை இன்னும் இறுக்கிச் சாத்தினாள்.

"எறங்குறதுக்கா ஏறுனோம்? அம்மாக்கண்ணுக்கு வெடியக் காலையிலேயே வலி கண்டுருச்சுங்க. புள்ள குறுக்கால கெடக்குதாம், மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே."

பொன்னையா திரும்பிப் பார்த்தான். அம்மாக்கண்ணு உதட்டைக் கடித்துக்கொண்டு கண்களை மூடியிருந்தாள். அந்தக் குளிரிலும் அவள் முகம் வேர்த்துக் கொட்டியது. மற்ற மூவரும் அவளை ஆடாமல் அசையாமல் அணைத்துப் பிடித்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரி பதினொரு மைல். முழுக்க இறக்கம். அவன் சோதித்துப் பார்த்தது நூறு கெஜம்.

பொன்னையா பிரேக்கிலிருந்து காலை எடுத்தான்.