பன்னிரண்டாவது டேக்

"இந்தம்மாவை நான் பார்த்ததே இல்லை!" என்று கல்யாண கவுனோடு கத்தினாள் மேக்சின். எதிரே தொப்பிப் பெட்டியோடு நின்ற அறுபது வயதுக் கறுப்பினப் பெண்மணி லுவீனியா, "மன்னிச்சிடுங்க, கடை மாறி வந்துட்டேன்" என்று தலை குனிந்தாள்.

"கட்!" என்று அலறினார் இயக்குநர் கிளிஃபர்ட். "ஒன்பது டேக்! பெத்த தாயைத் தெரியாதுன்னு சொல்லச் சொன்னா, பர்ஸ் திருடினவளைப் பிடிச்ச மாதிரி கத்தறியே!"

விளக்குக்காரர்கள் சிரித்தார்கள். கவுனை இழுத்துப் பிடித்திருந்த குண்டூசிகளில் ஒன்று மேக்சின் இடுப்பில் குத்த, அவள் துள்ளிய துள்ளலில் அட்டையால் செய்த துணிக்கடை ஆடியது.

படத்தில், வெளுத்த நிறத்தோடு பிறந்துவிட்டதால், வெள்ளைக்காரி என்று ஊரை ஏமாற்றி வாழ்கிறாள் ஒரு கறுப்பினப் பெண். கல்யாண உடை எடுக்கும் இடத்துக்கே அம்மா தேடி வந்துவிடுகிறாள். அந்த மகள் வேஷத்துக்கு ஸ்டூடியோ கூப்பிட்டிருந்தது, நெப்ராஸ்கா சோளக்காட்டிலிருந்து வந்த அசல் வெள்ளைக்காரியான மேக்சினை! கறுப்பினப் பெண்ணாக இருப்பது எப்படி என்று அவளுக்குச் சொல்லித் தரவும், அம்மா வசனத்தைப் பேசவும் தையல் பிரிவிலிருந்து வந்தவள் லுவீனியா. வந்தது பின்வாசல் வழியாக. அந்தக் காலத்தில் அந்த ஸ்டூடியோவில் கறுப்பர்களுக்கு அதுதான் வாசல்.

பன்னிரண்டு மணிக்கு முதலாளி புரோடி வருவார். இந்தச் சோதனைக் காட்சி அவருக்குப் பிடிக்காவிட்டால் வேஷம் அவருடைய மச்சினிக்கு. மேக்சின் மறுபடி காபிக் கடையில் தட்டு ஏந்தப் போக வேண்டியதுதான்.

பத்தாவது டேக்கில் அவள் ஓவென்று அழுதாள். பதினொன்றாவதில் பயத்தில் சிரித்தே விட்டாள். லுவீனியாவும் தொப்பிப் பெட்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள்.

கிளிஃபர்ட் எழுந்தார். ஊர் நியூ ஆர்லியன்ஸ், தாத்தா பிரெஞ்சுக்காரர் என்று சொல்லிக்கொள்வார். அந்தக் கோபமும் அங்கிருந்து வந்ததுதான் என்பார்கள். "நகரு! நானே செஞ்சு காட்டறேன்!" என்று மணப்பெண்ணின் வலை முக்காட்டைப் பிடுங்கித் தன் மொட்டைத் தலையில் போட்டுக்கொண்டார். ஒருவன் ஏணியிலிருந்தே விழப் பார்த்தான், அவ்வளவு சிரிப்பு.

லுவீனியா வந்து நின்றாள். கிளிஃபர்ட் கத்தவில்லை. "மன்னிக்கணும். இந்தம்மாவை நான் பார்த்ததே இல்லை" என்றார், தெருவில் வழி கேட்டவருக்குப் பதில் சொல்வதைப் போல, அத்தனை மரியாதையாக.

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. லுவீனியா தன் வசனத்தைச் சொல்லச் சற்று நேரம் பிடித்தது. எல்லோரும் கை தட்ட, கிளிஃபர்ட் முக்காட்டோடு விறுவிறுவென்று பெரிய விளக்குக்குப் பின்னால் போய்விட்டார்.

"எனக்கு வராது, மிஸ் லுவீனியா" என்றாள் மேக்சின். "பெத்தவளைப் போய் இப்படிச் சொல்வாளா? அந்த ராட்சசியை எனக்குப் புரியவே இல்ல."

"ராட்சசியா? அட போ கண்ணு!" லுவீனியா அவள் இடுப்புக் குண்டூசியைச் சரிசெய்தாள். "அது அம்மாவை வெறுக்கல. இன்னும் ஒரு நிமிஷம் எதிர்ல நின்னா ஓடிப்போய்க் கட்டிக்குவோமேன்னு பயந்து சாகுது. சீக்கிரம் போயிடும்மான்னு கெஞ்சுது. அம்மாக்காரிக்கு அது தெரியாதா? அதான் கடை மாறிட்டேன்னு சொல்லிப் பிள்ளையைக் காப்பாத்தறா."

சிறிது நேரத்தில் உதவியாளன் முக்காட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு பக்கம் ஈரமாக இருந்தது. விளக்குச் சூட்டில் வழிந்த வேர்வை என்று நினைத்து, மேக்சின் முகம் சுளித்துப் போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டாவது டேக். புரோடி சுருட்டோடு உட்கார்ந்திருந்தார். இந்த முறை மேக்சின் மெல்லச் சொன்னாள், சீக்கிரம் போயிடும்மா என்று மனத்துக்குள் கெஞ்சிக்கொண்டே. கடைசிச் சொல்லில் குரல் ஒரு இழை நடுங்கியது.

யாரும் "கட்" சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கிளிஃபர்ட் சிலையாக நின்றார். கடைசியில் புரோடியே நாற்காலியிலிருந்து குதித்தார். "கட், கட்! வேஷம் உனக்குத்தாம்மா பொண்ணு!"

செட்டே கூத்தாடியது. யாரோ கடையின் காகிதப் பூக்களை அள்ளி வீச, மேக்சின் குண்டூசிகள் தெறிக்கத் தெறிக்க அகப்பட்டவரையெல்லாம் கட்டிப்பிடித்தாள். புரோடிக்குக் கன்னத்தில் ஒரு முத்தமும் கிடைத்தது.

"எல்லாம் மிஸ் லுவீனியா சொல்லிக்கொடுத்தது சார்!" என்று அவள் கூவினாள்.

புரோடி சுருட்டால் சுட்டிக்காட்டினார். "யாருப்பா கிளிஃப் இந்தம்மா? எங்கேருந்து பிடிச்சே?"

"தையல் பிரிவுங்க. வேலை கிடக்கு, வரேங்க" என்று லுவீனியா முந்திக்கொண்டு பின்வாசல் பக்கம் திரும்பினாள்.

கிளிஃபர்ட் பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்தார். சிரிப்பும் கண்ணீருமாக முதலாளியைப் பார்த்தார்.

"என்னைப் பெத்தவ, சார்."