பொன்னாடையில் காயும் கூழ்வத்தல்

மில்லர்புரம் வீட்டு மொட்டைமாடியில் கூழ்வத்தல் காய்கிறது. அடியில் விரித்திருப்பதெல்லாம் பொன்னாடைகள். முன்னாள் அமைச்சர் பராங்குசத்துக்கு மேடைமேடையாகப் போர்த்தியவை. ஜரிகை வெயிலில் மினுங்குகிறது. துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது. கட்சியின் துணைப் பொதுச்செயலாளரான அவர் குடைக்கம்பால் காக்கை விரட்டுகிறார். அவருக்குத்தான் என்று ஊரே பேசிய மந்திரிப் பதவி, அவர் வளர்த்துவிட்ட இல்யாஸுக்குப் போயிற்று. பதவியேற்ற கையோடு இல்யாஸ் படியேறி வந்து, முகம் பார்க்காமல் புதுப் பொன்னாடையைப் போர்த்துகிறார். "வாங்க மந்திரி, இருங்க" என்கிறார் பராங்குசம். இல்யாஸ் உட்காரவில்லை. "பழையபடி ஏலேன்னே கூப்பிடுங்க, அண்ணாச்சி." கூழ்ச்சட்டியோடு நிற்கும் மனைவி மரகதவல்லி, "துணி பத்தலை. பாதிக் கூழு அப்படியே கிடக்கு" என்கிறார். பராங்குசம் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து உதறுகிறார். கடற்காற்றில் அது படபடக்கிறது. "ஏலே, அந்த முனையைப் பிடி."