பின் இருக்கை ஒலிபெருக்கி

போர்க்கால மட்டக்களப்பு. வானொலி திருத்துநரான அசனார், நல்லரத்தினத்தின் பழைய ஒஸ்ரின் காரில், பின் இருக்கையருகே வானொலிக்கு மற்றுமோர் ஒலிபெருக்கியைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

“கிழட்டுக் காருக்கு மாப்பிள்ளைச் சோடினையா, அண்ணன்?”

“பின்னால கேக்குதில்லையெண்டு என்ட மனிசி சின்னத்தங்கம் ஒரே கரைச்சல், தம்பி. ஆனா, பின்னால மட்டும் நிப்பாட்ட ஒரு சுவிச்சும் வை. ரேடியோவில வாசிக்கிற மரண அறிவித்தல் அவளுக்குக் கேக்கப்படாது.”

“ஏன்?”

“மகனைச் சுட்டுப்போட்டாங்க. மெட்ராசில படிக்கானெண்டு மனிசிக்குச் சொல்லி வச்சிருக்கன். ஆராவது அவன்ட பேரைக் குடுத்து, அதை வாசிச்சா, அவள் தாங்கமாட்டாள்.”

அசனார் சுவிச்சையும் பொருத்தினார்.

மறுநாட்காலை, மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு நல்லரத்தினம் செட்டிபாளையத்துக்குப் புறப்பட்டார். கல்லடிப் பாலத்தைக் கடந்ததும் பாட்டு முடிந்து, மரண அறிவித்தல் தொடங்கிற்று. அவருடைய கை சுவிச்சை நாடியது.

“இஞ்சேருங்க, நிப்பாட்டாதீங்க,” என்றாள் சின்னத்தங்கம். “நம்மட பிள்ளைட பேர் இண்டைக்கு வரும். நான்தான் குடுத்தன். ஸ்பீக்கரும் அதுக்குத்தான் பூட்டச் சொன்னன்.”

அவர் காரை ஓரமாக நிறுத்தினார்.

“உனக்கு எப்ப தெரியும்?”

“நீங்க கிணத்தடியில ஒளிச்சு நிண்டு அழுத அண்டைக்கே. உங்கள வீட்டுக்குள்ள வச்சு அழவிட எனக்கு வேற வழி தெரியல்ல.”