சைக்கிள் கேரியரில் தையல் மெஷின்

"அந்தத் தையல்காரப் பெண் என்று யாரும் கிடையாது. கதை முழுவதும் என் கற்பனை. வாசகர்கள் மன்னிக்க வேண்டும்."

முதல் பக்கத்தில் கட்டம் கட்டி வந்திருந்தது. கீழே நிருபரின் பெயர்.

போன ஞாயிறு இதே நிருபர் எழுதியதைப் படித்து ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது. கணவனை இழந்த பெண். புகுந்த வீட்டார் விரட்டுகிறார்கள். மகளை முன்கம்பியில் உட்காரவைத்து, கேரியரில் தையல் மெஷினைக் கட்டி, விடிய விடிய மிதித்து வேறு ஊர் போய்ப் பிழைத்துக்கொள்கிறாள். பள்ளிக்கூடங்களில்கூட வாசித்துக் காட்டினார்கள்.

இன்று காலையிலிருந்து ஆபீஸ் போன் ஓயவில்லை.

"மூணு நாளா என் மருமகளை ஒரு வார்த்தை சொல்லாம இருந்தேன்," என்றார் ஒரு மாமியார். "எல்லாம் வீணாப் போச்சே."

ஆசிரியர் நிருபரைக் கூப்பிட்டார்.

"ஞாயிறு மலரை அடுத்த மாசம் உன் கையில கொடுக்கறதா இருந்தேன். இப்ப மேஜையைக் காலி பண்ணு. இனிமே எந்தப் பத்திரிகையும் உன்னைப் படியேத்தாது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

நிருபர் இழுப்பறையைத் திறந்து பேனாக்களைப் பைக்குள் போட ஆரம்பித்தார். பக்கத்து மேஜையில் உதவி ஆசிரியை. ஆபீஸ் முழுவதற்கும் அவர் அக்கா. அந்தக் கதைக்குத் தலைப்பு வைத்தவரும் அவர்தான்.

"மரண அறிவிப்புல வயசு தப்பா வந்தாலே அன்னைக்கு உனக்குச் சாப்பாடு இறங்காது. நீயா இப்படி?"

"புத்தி கெட்டுப் போச்சுக்கா."

"உனக்கு மட்டுமா? ப்ரூஃப் பார்க்கும்போதே அழுதேனே, என் புத்தியை என்ன சொல்ல?"

வாசலில் ஒருவர் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. பணிவான குரல். கையில் ஞாயிற்றுக்கிழமைத் தாளின் அந்தப் பக்கம், நான்காக மடித்தது.

"திங்கட்கிழமை போன் பண்ணேனே சார். புதன்கிழமை நேர்ல வாங்க, அட்ரஸ் தரேன்னு சொன்னீங்க."

"இன்னைக்குப் பேப்பர் பார்க்கலையா சார் நீங்க?"

"பார்த்தேன். மனசு கேக்கல." அவர் தாளைப் பிரித்தார். "விதவைன்னு போட்டிருக்கீங்க. ஆனா என் சம்சாரம் இப்படித்தான் போனா. பொண்ணையும் கூட்டிக்கிட்டு. வீட்ல சைக்கிள் இல்ல, மெஷின் இல்ல. எங்கே இருந்தாலும் நல்லா இருந்தா சரி. ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்."

அக்கா எழுந்து ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மன்னிச்சுக்கங்க," என்றார் நிருபர். "பொய்தான் சார்."

"சைக்கிள்?"

"மார்க்கெட் பக்கம் ஒருத்தர் கேரியர்ல சிமெண்ட் மூட்டை கட்டிக்கிட்டுப் போனார். மூட்டையை எடுத்துட்டு மெஷினை வச்சேன். அந்தக் கனத்தை வச்சுக்கிட்டு விடிய விடிய மிதிக்க முடியுமா? நீங்களே யோசிங்க. ஊர்ல ஒருத்தரும் யோசிக்கல, நம்பிட்டாங்க."

"பொண்ணு முன்கம்பியில தூங்கினதா எழுதியிருக்கே."

"உருக்கமா இருக்கட்டும்னு போட்டேன்."

"அப்ப அந்த மெஷின்? என் வீட்ல காணாமப் போன மெஷின்?"

"வித்திருப்பாங்க சார்."

வந்தவர் நிருபரின் முகத்தையே பார்த்தார். நிருபர் தலையைக் குனிந்து, பிடிபட்ட திருடனைப் போல அசட்டுச் சிரிப்பும் ஒன்று சிரித்தார்.

"த்தூ. நீயெல்லாம் ஒரு பத்திரிகைக்காரன்."

தாளைக் கிழித்து மேஜையில் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

நிருபர் ஜன்னல் ஓரமாக நின்றார். அந்தச் சட்டை தெருமுனையில் பஸ் ஏறி மறையும்வரை நின்றார். பிறகுதான் உட்கார்ந்தார்.

"இப்ப ஜன்னல்ல நின்னு பார்த்து என்ன பிரயோஜனம்?" அக்கா கிழிந்த தாளைப் பொறுக்கி எடுத்தார். "பொண்டாட்டி பிள்ளையைத் தேடி அலையற மனுஷன். எவ்வளவு நம்பி வந்தான். உன் ஒரு கதைக்காக அவன் வயித்தெரிச்சலையும் கொட்டிக்கிட்டியே. நல்லா இருப்பியா நீ?"

நிருபர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"பேட்டி எடுக்கப் போனப்ப, வலது பக்கமா வந்து உக்காரச் சொன்னாங்கக்கா அந்தம்மா. இந்த ஆளு அறைஞ்சதுல இடது காது கேக்காதாம்."